சாட்ஸ்வொர்த் வீட்டில் மின்காருக்குச் சார்ஜர்: 60 ஆம்பியருக்குள் எது பொருந்தும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். மாமனார் காலத்தில் வாங்கிய, பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பழைய இரட்டை வீட்டில் கணவரோடும் கல்லூரிக்குப் போகும் மகனோடும் இருக்கிறார். வீட்டின் பின்புறமுள்ள அவுட்பில்டிங்கில் ஓர் இளம் தம்பதியர் வாடகைக்கு இருக்கிறார்கள். இரு வீட்டுக்கும் ஒரே மீட்டர்தான். ஏறத்தாழ 45 யூனிட் பேட்டரி கொண்ட சிறிய மின்கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. கார் வருவதற்குள் சார்ஜரைப் பொருத்த வேண்டும். ஆனால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை.

கார் விற்பனையாளர் 22 கிலோவாட் சார்ஜரைக் காரோடு சேர்த்தே வாங்க வேண்டும், வேறு சார்ஜர் போட்டால் காரின் உத்தரவாதம் செல்லாது என்கிறார். மகனும் 22 கிலோவாட்டுக்குத்தான் கை தூக்குகிறார். கணவரோ காருடன் வரும் கையடக்கச் சார்ஜரை முன்னறைப் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மாட்டினால் போதும், வீண் செலவு எதற்கு என்கிறார். கொழுந்தனாருக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து, அடுப்புக்குப் போகும் கேபிளிலிருந்து ஒரு கிளை இழுத்துத் தருவதாகவும், வீட்டுக்குள் செய்யும் வேலைக்குச் சான்றிதழ் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அரசு சார்ஜருக்கு வரிச்சலுகை தருகிறதா, மின்சாரம் போனால் காரிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று மேலும் இரண்டு கேள்விகள். வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் டிபி போர்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். மெயின் சுவிட்சில் 60 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விகளோடு படத்தையும், அன்றாடம் ஓட்டும் தூரத்தையும், அடுப்பு, கீசர் விவரங்களையும் எழுதியதற்கு நன்றி. அவை இல்லாமல் எந்தச் சார்ஜர் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு மின் பொறியாளரால் பொதுப்படையாகத்தான் பதில் சொல்ல முடியும். உங்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடையில் இருப்பதில் பெரிய சார்ஜர் எது என்று பார்க்காதீர்கள், உங்கள் வீட்டு இணைப்பு தாங்கக்கூடிய, உங்கள் ஓட்டத்துக்குப் போதுமான சார்ஜரைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் மகன் நினைப்பதைவிட மிகச் சிறியது. உங்கள் கணவர் நினைப்பதைவிடச் சற்றுப் பெரியது.

ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு தேவை?

பணிக்குப் போய்வரவும் மற்ற வேலைகளுக்கும் சேர்த்து நாளுக்கு 50 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கும் அளவுள்ள கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 18 யூனிட் வரை எடுக்கும். 16 என்று வைத்துக்கொண்டால் 50 கிலோமீட்டருக்கு 8 யூனிட். சார்ஜ் ஆகும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 9 யூனிட் ஓடும். மின்கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காலிப் பேட்டரியை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்றே கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் அந்தக் கணக்கு மாதத்தில் ஓரிரு முறைதான் தேவைப்படும். தினமும் நிரப்ப வேண்டியது முந்தைய நாள் ஓடிய அளவு மட்டுமே.

நமது மின்னழுத்தம் 230 வோல்ட். கையடக்கச் சார்ஜர் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட், 9 யூனிட்டுக்கு நான்கு மணி நேரம் ஆகும். 16 ஆம்பியர் என்றால் 3.7 கிலோவாட், இரண்டரை மணி நேரம் போதும். 32 ஆம்பியர் என்றால் 7.4 கிலோவாட்; ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். பீட்டர்மாரிட்ஸ்பர்க், லேடிஸ்மித் என்று தொலைவு போய்க் காலியாகத் திரும்பினாலும், 16 ஆம்பியரில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரத்தில் முழு பேட்டரியும் நிரம்பிவிடும்.

இனி 22 கிலோவாட்டுக்கு வருவோம். அந்த எண் மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மின்சாரத்துக்கு உரியது. ஒவ்வொரு கட்டத்திலும் 32 ஆம்பியர் எடுத்தால்தான் 22 கிலோவாட் வரும். உங்களுடையது ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு. ஆகவே அந்தச் சார்ஜரைச் சுவரில் மாட்டினாலும் உங்கள் வீட்டில் அது 7.4 கிலோவாட்டுக்கு மேல் தராது. இதைவிட முக்கியமான தடை காருக்குள் இருக்கிறது. மாறுதிசை (ஏசி) மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்திசை (டிசி) மின்சாரமாக மாற்றும் கருவி காரிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. சுவரில் மாட்டும் பெட்டி மின்சாரத்தைப் பாதுகாப்பாக அனுப்பும் வாயில் மட்டுமே. சிறிய கார்கள் பலவற்றில் அந்தக் கருவியின் அளவு 7 கிலோவாட்டை ஒட்டித்தான் இருக்கும். மூன்று கட்ட இணைப்புக்கு மாநகராட்சியிடம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, போர்டை மாற்றிய பிறகும் அப்படிப்பட்ட கார் 7 கிலோவாட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒல்லிக் குழாயின் கீழே அண்டாவை வைத்தால் தண்ணீர் விரைவாக விழுந்துவிடாது. காரின் விவரத்தாளில் மாறுதிசை சார்ஜிங்கின் உச்ச அளவு என்ன என்பதை மகனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

60 ஆம்பியருக்குள் இரண்டு குடும்பங்கள்

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சாட்ஸ்வொர்த்தின் இரட்டை வீடுகள் பல, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ்க் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து நம்மவர்களை வெளியேற்றிய 1960களையும் அதை அடுத்த ஆண்டுகளையும் சேர்ந்தவை. அன்றைய ஒரு குடும்பத்தின் விளக்கு, அடுப்பு, வானொலி ஆகியவற்றை மனத்தில் வைத்துப் போட்ட வயரிங்கில்தான் பிற்காலத்தில் கீசர், மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், பின்னால் அவுட்பில்டிங் என்று ஒவ்வொன்றாக ஏறியிருக்கின்றன.

60 ஆம்பியர் என்பது 13.8 கிலோவாட். நீங்கள் கொடுத்த விவரத்தின்படி கீசர் 3 கிலோவாட், அதாவது 13 ஆம்பியர். ஓவனும் இரண்டு தட்டுகளும் எரியும்போது அடுப்பு ஏறத்தாழ 22 ஆம்பியர். கெட்டில் 9. வாடகைக்கு இருப்பவர்களின் ஹாட்பிளேட் 9, அவர்களுடைய சிறிய கீசர் 9. கூட்டினால் கார் வருவதற்கு முன்பே 62 ஆம்பியர் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு சமையலறையிலும் பிரியாணி வேகும்போது மெயின் விழுகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லியது. இதன் மேல் 32 ஆம்பியர் சார்ஜர் ஏறினால் 94.

மெயின் விழுவது பெரிய ஆபத்து அன்று. அது தன் வேலையைச் செய்கிறது. விழாமல் இருப்பதுதான் சிக்கல். அளவைச் சற்றே மீறிய சுமையில் பிரேக்கர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் பழைய இணைப்பு முனைகள் சூடேறிக்கொண்டிருக்கும். கெட்டில் மூன்று நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கார் மணிக்கணக்காக இழுக்கிறது. மெயின் சுவிட்சில் எழுதியிருக்கும் எண்ணே மாநகராட்சி உங்களுக்கு ஒதுக்கிய அளவு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. வெளியே அவர்கள் வைத்திருக்கும் பிரேக்கர் அதைவிடச் சிறியதாக இருக்கலாம். மின் கட்டண ரசீதை வைத்துக்கொண்டு டர்பனை நிர்வகிக்கும் இத்தெக்வினி மாநகராட்சியின் மின்துறையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மெயின் சுவிட்சை மட்டும் 80 ஆம்பியராக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு, அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரவுப் பணி என்பதால் உங்கள் கார் பகலில் வீட்டில் நிற்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், கணவரும் மகனும் இல்லை, அடுப்பு எரிவதில்லை. நீங்கள் பணி முடிந்து வந்து உறங்கும் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் வரை அந்த 60 ஆம்பியரில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. கீசருக்கு ஒரு டைமர் போட்டு அந்த நேரத்தில் அது எரியாமல் பார்த்துக்கொண்டால், 16 ஆம்பியரில் உங்கள் அன்றாடத் தேவை நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடும்.

உங்கள் முன் உள்ள வழிகள்

கணவர் சொல்லும் வழியை நான் முற்றாகத் தள்ளவில்லை. கையடக்கச் சார்ஜர் 10 ஆம்பியரில் நான்கு மணி நேரம் ஓடினால் கணக்குப்படி உங்களுக்குப் போதும். ஆனால் எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. சுருட்டிய வயர் மணிக்கணக்கில் முழுச் சுமையைத் தாங்கும்போது உருகும், தீப்பிடிக்கும். நம் நாட்டுப் பெரிய உருண்டை மூன்று கால் பிளக் 16 ஆம்பியருக்கு உரியது என்றாலும், இருபது முப்பது ஆண்டு பழைய சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பிடிப்பு தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கும். வெளிநாட்டு வடிவப் பிளக்குக்கு மாற்றுப் பிளக் போட்டுச் செருகுவதும் இதே காரணத்தால் தவறு. கார் வந்து சார்ஜர் வேலை முடியாத இடைப்பட்ட சில நாட்களுக்கு, புதிதாக மாற்றிய சுவர்ச் சாக்கெட்டில், நேரடியாக, குறைந்த ஆம்பியரில் வைத்து, அரை மணி நேரத்துக்கொரு முறை பிளக்கைத் தொட்டுப் பார்த்துப் பயன்படுத்தலாம். நீங்கள் தூங்கும் நேரத்தில் வேண்டாம்.

இதற்கு அடுத்த படி, காரவான் முகாம்களில் காணும் நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட்டைக் காருக்கென்றே தனிக் கேபிள், தனிப் பிரேக்கர், தனி எர்த் லீக்கேஜுடன் (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போர்டிலிருந்து இழுப்பது. நீடித்த சுமைக்கென்றே செய்யப்பட்ட சாக்கெட் அது. இதற்கு ஏற்ற கையடக்கச் சார்ஜரை வாங்கிக்கொண்டால் செலவு குறைவு, வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். கைச்செலவு மிக இறுக்கமாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது: 7.4 கிலோவாட் ஒற்றைக் கட்ட சுவர் சார்ஜர், சுமையைக் கண்காணிக்கும் வசதியோடு. மெயின் கேபிளைச் சுற்றி ஒரு சிறிய உணர்வளையம் மாட்டப்படும். வீட்டின் மொத்த இழுப்பு ஏறும்போது சார்ஜர் தானாகக் காரின் பங்கைக் குறைத்துக்கொண்டே வரும்; 6 ஆம்பியருக்குக் கீழே போக வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு, சுமை இறங்கியதும் மறுபடி தொடங்கும். உங்கள் வீட்டில் இந்த வசதி இல்லாத சார்ஜரை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். பொருத்துபவரிடம் தொடக்கத்தில் உச்ச அளவை 16 ஆம்பியராக வைக்கச் சொல்லுங்கள். ஆனால் கேபிளை மட்டும் 32 ஆம்பியருக்கு ஏற்ப 6 சதுர மில்லிமீட்டர் செம்பில் போட்டுவிடுங்கள். போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை நீங்கள் சொன்ன 18 மீட்டரில் மின்னழுத்த வீழ்ச்சி முழுச் சுமையிலும் ஏறத்தாழ 4 வோல்ட்தான் இருக்கும், அனுமதி 11.5 வரை. பின்னாளில் அவுட்பில்டிங்குக்குத் தனி இணைப்பு வாங்கினால் சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்காது.

எர்த் லீக்கேஜ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மின்காரில் கோளாறு ஏற்பட்டால் நேர்திசைக் கசிவு உண்டாகலாம். அது சாதாரண எர்த் லீக்கேஜ் கருவியை மரத்துப்போகச் செய்துவிடும், பிறகு உண்மையான ஆபத்து வரும்போது அது விழாது. ஆகவே சார்ஜருக்கு 30 மில்லிஆம்பியரில் விழும் தனிக் கருவி வேண்டும். அது பி வகையாக இருக்கலாம். அல்லது 6 மில்லிஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டறியும் பாகம் சார்ஜருக்குள்ளேயே இருந்தால் ஏ வகை போதும். விலைப்புள்ளியில் இதை எழுத்தில் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாதவர் இந்த வேலைக்கு ஏற்றவர் அல்லர்.

பக்கத்து வீட்டோடு பகிரும் நடைபாதை வழியாகக் கேபிள் போக வேண்டியிருந்தால், வீட்டின் நில வரைபடத்தைப் பார்த்து அது யாருடைய பகுதி என்று தெரிந்துகொண்டு, தேவையானால் அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இன்று நல்லுறவு இருக்கலாம். வீடு கைமாறினால் வருபவர் யார் என்று நமக்குத் தெரியாது. பொதுச் சுவரில் துளையிடாமல் உங்கள் பக்கத்துச் சுவரிலேயே சார்ஜரை மாட்டுங்கள். மழையில் நனையும் இடமென்றால் அதற்குரிய நீர்த்தடுப்புத் தரமும், மின்சாரம் போய் வரும்போது எழும் அதிர்வைத் தாங்கப் போர்டில் ஒரு மின்னெழுச்சித் தடுப்பானும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனும் சான்றிதழும்

கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனையில் இரண்டு பிழைகள் உள்ளன, இரண்டும் சிறியவை அல்ல. முதலாவது தொழில்நுட்பம். பழைய போர்டுகள் பலவற்றில் அடுப்பு இணைப்பு எர்த் லீக்கேஜின் பாதுகாப்புக்கு வெளியே இருக்கும். அதிலிருந்து கிளை எடுத்தால், மழையில் நனைந்த காரைத் தொடும் உங்களுக்கும் மின்கசிவுக்கும் இடையில் எந்தக் காவலும் இல்லாமல் போகலாம். அதோடு அடுப்பும் காரும் ஒரே கேபிளைப் பங்குபோடும்.

இரண்டாவது சட்டம். வீட்டுக்குள் செய்யும் வேலைக்குச் சான்றிதழ் வேண்டாம் என்பது தவறு. 1993ஆம் ஆண்டின் தொழில்சார் நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகள், வீட்டைப் பயன்படுத்துபவரோ வாடகைக்கு விடுபவரோ செல்லுபடியாகும் இணக்கச் சான்றிதழ், நாம் எல்லாரும் சி.ஓ.சி. என்று சொல்வது, வைத்திருக்க வேண்டும் என்கின்றன. வாடகைக்கு விடுபவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். அவுட்பில்டிங்கால் அந்தப் பொறுப்பு உங்களுக்குக் கார் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. சான்றிதழ் பெற்ற பிறகு புதிதாக ஒரு சுற்று சேர்த்தால், அந்தச் சேர்ப்புக்கு மட்டுமாவது புதிய சான்றிதழ் வேண்டும். வீட்டை விற்கும்போது இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட சான்றிதழைக் கேட்பார்கள். மறைத்த வேலை எல்லாம் அன்று வெளியே வரும்.

சான்றிதழைத் தருபவர் வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையில் பதிவுசெய்தவராக இருக்க வேண்டும். பதிவு அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நல்ல தொழிலாளி அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டு வயரிங்குக்கான தென்னாப்பிரிக்கத் தரமான சான்ஸ் 10142-1 வடிவிலான சோதனை அறிக்கை இணைக்கப்படாத சான்றிதழ் செல்லாது. அதில் காப்புத் தடை, தரையிணைப்புச் சுற்றின் தடை, எர்த் லீக்கேஜ் எத்தனை மில்லிஆம்பியரில் விழுகிறது ஆகியவற்றின் அளவுகள் எண்களாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் டிக் அடித்த தாள் உங்களுக்கு உதவாது.

இதன் மறுபக்கம் காப்பீடு. சான்றிதழ் இல்லாத வேலையால் தீ விபத்து ஏற்பட்டது என்று தெரிந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுப்பதற்கு அதுவே வலுவான காரணமாகும். உங்களுடையது சுவரைப் பகிரும் வீடு. தீ உங்கள் பக்கத்தோடு நிற்காது. உறவுக்காக, தொழிலாக இல்லாமல் செய்து தந்த வேலையில் குறை வந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் துணையும் கிடைப்பது கடினம். அந்த எலெக்ட்ரீஷியன் பதிவு பெற்றவராக இருந்து, விலைப்புள்ளியும் சான்றிதழும் தருவாரானால் அவரையே வையுங்கள், தடையில்லை. தருவதில்லை என்றால், கொழுந்தனாரிடம் காப்பீட்டு நிறுவனம் சான்றிதழ் கேட்கிறது என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட, உறவும் கெடாது.

விற்பனையாளரின் நிபந்தனை

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் சேர்த்து வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. விதிவிலக்குகள் உண்டு: சேர்த்து வாங்குவதால் கிடைக்கும் வசதி, தேர்வு குறைவதால் வரும் இழப்பைவிட மேலானது என்று விற்பவர் காட்டினால், அல்லது வாங்குபவருக்குப் பொருளாதார நன்மை கிடைத்தால், அல்லது அவற்றைத் தனித்தனி விலையிலும் விற்கத் தயாராக இருந்தால் அது செல்லும். ஆகவே நேரடியாகச் சண்டைக்குப் போகாமல், கார் இவ்வளவு, சார்ஜர் இவ்வளவு, பொருத்தும் கூலி இவ்வளவு என்று பிரித்து எழுதித் தாருங்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இலவசம் என்று சொல்லும் சார்ஜரின் விலை பெரும்பாலும் அப்போதுதான் வெளியே தெரியும்.

உத்தரவாதம் பற்றிய பேச்சையும் எழுத்தில் கேளுங்கள். வேறு நிறுவனத்தின் சார்ஜரைப் பயன்படுத்தினால் காரின் எந்தப் பாகத்துக்கு, உத்தரவாத ஏட்டின் எந்தப் பிரிவின்படி, பாதுகாப்பு இல்லாமல் போகும் என்று காட்டச் சொல்லுங்கள். சார்ஜரைக் காரோடு சேர்க்கும் டைப் 2 இணைப்பும், அதன் பின்னுள்ள பன்னாட்டுத் தரங்களும் உருவானதே எந்த நிறுவனத்தின் சார்ஜரும் எந்த நிறுவனத்தின் காரோடும் பேச வேண்டும் என்பதற்காகத்தான். வாய்மொழி எச்சரிக்கைகள் எழுத்துக்கு வரும்போது மெலிந்துவிடுவது வழக்கம். அதே நேரம், ஏட்டில் உண்மையிலேயே ஏதேனும் நிபந்தனை இருந்தால் அதை மீற வேண்டாம்.

நீங்கள் எங்கே வாங்கினாலும், சார்ஜர் பழுதானால் முதல் ஆறு மாதத்துக்குள் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் திரும்பப் பெறுதல் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை 56ஆம் பிரிவின்படி உங்களுக்கு உண்டு. பொருத்தும் வேலை தரக்குறைவாக இருந்தால் 54ஆம் பிரிவு துணைநிற்கும்: குறையைச் சரிசெய்து தரும்படி கேட்கலாம், அல்லது கட்டணத்தில் நியாயமான ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். பொருளும் பொருத்தும் வேலையும் வேறு வேறு ஆட்களிடம் இருந்தால், கோளாறு வரும்போது ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். முடிந்தவரை இரண்டையும் ஒரே நிறுவனத்திடம், ஒரே ரசீதில் வாங்குங்கள்.

மீதிக் கேள்விகள்

வரிச்சலுகை: நீங்கள் கேள்விப்பட்டது தனிநபர்களுக்கான சூரியத் தகட்டுச் சலுகையாக இருக்கும். அது தகடுகளின் விலையில் 25 சதவீதம், உச்சமாக 15,000 ரேண்ட் என்று இருந்தது. 2024 பிப்ரவரி 29ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலும் சார்ஜருக்கு இடமில்லை. 2026 மார்ச்சு முதலான 150 சதவீத வரிக் கழிவு, மின்கார்களை உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கானது. ஆகவே சலுகையை நம்பி விலைப்புள்ளியைத் தள்ளிப்போட வேண்டாம்.

காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம்: உங்கள் காரில் அந்த வசதி இருந்தால், அதற்குரிய இணைப்பியைக் காரில் செருகி ஃபிரிட்ஜையோ விளக்கையோ நேரடியாக அதில் ஓட்டலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் காரிலிருந்து வீட்டுச் சுவர்ச் சாக்கெட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வித்தையை யார் சொல்லித் தந்தாலும் செய்யாதீர்கள். கையிலிருக்கும் பிளக்கின் கால்களிலேயே மின்சாரம் இருக்கும்; அது போர்டு வழியாகத் தெருக் கம்பிக்கும் ஏறினால், இருட்டில் கம்பத்தில் வேலைசெய்யும் மாநகராட்சி ஊழியர் உயிர் போகும். முறையான மாற்றுச் சுவிட்சும் அதற்கான சான்றிதழும் இல்லாமல் வீட்டின் வயரிங்கோடு எதையும் இணைக்கக் கூடாது.

சூரியத் தகடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் பகலில் கார் வீட்டில் நிற்பதால் சொல்லத் தோன்றுகிறது. டர்பனில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். உங்கள் 9 யூனிட்டுக்கு இரண்டரை, மூன்று கிலோவாட் போதும், வீட்டுப் பேட்டரி தேவைப்படாது. பகலில் வெளியே போய் இரவில் வீடு திரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு எளிதாக அமைவதில்லை. ஆனால் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதில் துளையிடுவதற்கு 2020ஆம் ஆண்டு விதிகளின் கட்டுப்பாடு உண்டு, உடல்நலத்துக்கும் கேடு. மாநகராட்சியிடம் பதிவும் வேண்டும். ஆகவே அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே செய்ய வேண்டியது, கூடுதல் சூரிய மின்சாரத்துக்கு ஏற்பச் சார்ஜ் அளவைக் கூட்டிக் குறைக்கும் சார்ஜரா என்று வாங்கும்போது கேட்டு வைப்பதுதான்.

மின்கட்டணம் ஒன்று பாக்கி. வாடகைக்கு இருப்பவர்களிடம் மொத்த ரசீதில் பாதியை வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கார் வந்த பிறகு மாதம் 200, 250 யூனிட் கூடும். அதில் பாதியை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது, தகராறிலும் முடியும். சார்ஜருக்கான வேலை நடக்கும் அதே நாளில் அவுட்பில்டிங் கேபிளில் ஒரு துணை மீட்டர் பொருத்தச் சொல்லுங்கள். போர்டு ஏற்கெனவே திறந்திருப்பதால் கூடுதல் கூலி அதிகம் ஆகாது. மாநகராட்சிக் கட்டணம் ஒவ்வொரு ஆண்டும் ஜூலை முதல் தேதி மாறும் என்பதால், துணை மீட்டரின் யூனிட்டை அந்தந்த மாத ரசீதின் விலையால் பெருக்கி வாங்கிக்கொள்வதாக வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து இருவரும் கையொப்பமிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் போர்டு முழுவதையும் ஒரு பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வயரிங்கில் திருத்த வேண்டியது இருந்தால் அதற்கான விலை தனியாக வரட்டும். அந்தச் சோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, சார்ஜருக்கு இரண்டு விலைப்புள்ளியாவது வாங்குங்கள். சி.ஓ.சி.யும் சோதனை அறிக்கையும் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அவற்றின் நகலைச் சார்ஜர் பொருத்தியதைத் தெரிவிக்கும் கடிதத்தோடு வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கி, அசலை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.